புகை இல்லை, நஞ்சு இருக்கிறது: கைக்குழந்தையும் நிக்கோட்டினும்

வீட்டுக்குள் சிகரெட் பற்றவைப்பவரிடம் "கைக்குழந்தை இருக்கிற வீடு" என்று சொன்னால், பெரும்பாலும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். புகை குழந்தைக்கு ஆகாது என்பது அந்த அளவுக்கு எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. வேப் பிடிப்பவரிடம் அதையே சொன்னால் அவர் இடத்தைவிட்டு அசைவதில்லை. "இதில் புகையே கிடையாது, வெறும் ஆவிதான்" என்பார். வாடைகூட மாம்பழ வாடையாகவோ புதினா வாடையாகவோ இருக்கும்.

வேப் எனப்படும் மின் சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். ஆனாலும் அது கைமாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் மலேசியா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் கடைகளிலேயே விற்கப்படுகிறது. ஆகவே "புகை இல்லையே" என்ற பதிலைச் சோதித்துப் பார்க்க வேண்டிய காலம் இது. கரு, தாய்ப்பால், மூச்சுக்காற்று, தரை, வாய் என்று குழந்தையிடம் நிக்கோட்டின் வந்துசேரும் வழிகள் பல. ஒவ்வொரு வழியைப் பற்றியும் இதுவரை தெரியவந்திருப்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குழந்தை உடலின் கணக்கு வேறு

பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் புகையிலைச் செடி உண்டாக்கும் நஞ்சுதான் நிக்கோட்டின். பயிரில் பூச்சி விழுந்தால் புகையிலைக் கரைசல் தெளிக்கும் வழக்கம் நம் உழவர்களுக்கும் தெரிந்ததே. நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கான ஏற்பிகளில் இது போய் ஒட்டிக்கொள்கிறது. மூளை, இதயம், குடல், தசை என அந்த ஏற்பிகள் இல்லாத இடம் உடலில் குறைவு. கருவின் மூளையில் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே அவை தோன்றிவிடுகின்றன. எந்த நரம்பு எங்கே வளர வேண்டும், எதனோடு இணைய வேண்டும் என்பதை நெறிப்படுத்துவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. மூளை உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் அங்கே வேற்றுப்பொருள் ஒன்று புகுந்தால், அதன் விளைவு பெரியவரின் மூளையில் உண்டாகும் விளைவைப் போன்றதாக இருக்க முடியாது.

உடலில் சேர்ந்த நிக்கோட்டினின் அளவு பாதியாகக் குறையப் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். பிறந்த குழந்தைக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் ஆவதாக அளந்திருக்கிறார்கள். குழந்தையின் ஈரல் இன்னும் முதிராததே காரணம். அதோடு, பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிட்டால் பச்சிளம் குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதே அறையில் பெரியவரைவிடக் குழந்தைதான் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. தரையில் தவழ்கிறது, தொட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. பெரியவருக்குச் "சிறிதளவு" என்று தோன்றுவது குழந்தைக்குச் சிறிதளவாக இருப்பதில்லை.

கருவில்

தாயின் இரத்தத்தில் கலந்த நிக்கோட்டின் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. கருவின் இரத்தத்தில் அதன் செறிவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பனிக்குட நீரிலும் அது சேர்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். கர்ப்ப காலத்தில் புகைப்பதால் வரும் கேடுகளுக்குப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் தாரும்தானே காரணம்? நிக்கோட்டின் மட்டும் தனியே என்ன செய்துவிடும்? இதற்கு விடை தரக்கூடியவர்கள், புகைக்காமல் புகையிலையைப் பயன்படுத்தும் தாய்மார்கள். அவர்களைப் பற்றிய முதன்மையான ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. மும்பையில் மிஷ்ரி எனும் வறுத்த புகையிலைத் தூள், வெற்றிலையோடு புகையிலை போன்றவற்றைப் பயன்படுத்திய கர்ப்பிணிகளை பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யா சுப்ரமணியும் ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. பிரசவம் சராசரியாக 6 நாள் முந்தியது. குறைமாதப் பிறப்புக்கான வாய்ப்பும் பெருமளவு கூடியது. அவர்கள் யாரும் புகையை இழுக்கவில்லை.

சுவீடனில் உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் ஸ்னஸ் என்ற புகையிலை பரவலாக இருக்கிறது. அதைப் பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகளிடம், பிறந்ததும் மூச்சு இடையிடையே நின்றுபோகும் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதாக 2011இல் அந்நாட்டு ஆய்வு சொன்னது. தூக்கத்தில் திடீரெனக் குழந்தை இறக்கும் அபாயமும் ஸ்னஸ் பயன்பாட்டோடு கூடுவதாக 2023இல் வந்த இன்னொரு சுவீடன் ஆய்வு காட்டியது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பழக்கத்தை விட்டவர்களிடம் அபாயம் குறைந்திருந்தது என்பதும் அதே ஆய்வின் செய்தி.

கருவில் நிக்கோட்டின் படுவது மூளை வளர்ச்சியில் நீடித்த பாதிப்பை ஏற்படுத்துகிறது, குறைமாதப் பிறப்புக்கும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கும் துணைபோகிறது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர் 2014இல் வெளியிட்ட அறிக்கை திட்டவட்டமாகக் கூறுகிறது.

தாய்ப்பாலும் உறக்கமும்

நிக்கோட்டின் தாய்ப்பாலில் எளிதில் சேரும். தாயின் இரத்த நீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு செறிவு பாலில் காணப்படுகிறது. சிகரெட்டானாலும் வேப்பானாலும் வாயில் அடக்கும் புகையிலையானாலும் இதில் வேறுபாடில்லை.

பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 2007இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். புகைக்கும் தாய்மார்கள் ஒரு நாள் புகைத்துவிட்டுப் பாலூட்டினார்கள். இன்னொரு நாள் புகைக்காமல் பாலூட்டினார்கள். தாய் புகைக்காத நாளில், கவனித்த சில மணி நேரத்துக்குள் குழந்தைகள் சராசரியாக 84 நிமிடம் தூங்கின. புகைத்த நாளில் அது 53 நிமிடமாகக் குறைந்தது. பாலில் நிக்கோட்டின் எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்குத் தூக்கம் கலைந்தது.

உறக்கத்தில் இதைவிடப் பெரிய அபாயமும் உண்டு. ஆரோக்கியமான குழந்தைக்குத் தூக்கத்தில் மூச்சுக்காற்று குறைந்தால் அதன் மூளை அதை எழுப்பிவிடும். தலையைத் திருப்பும், அழும். அந்த விழித்தெழும் திறனை நிக்கோட்டின் மழுங்கச் செய்கிறது. முதல் ஆண்டில் எதிர்பாராமல் தூக்கத்தில் நேரும் மரணங்களுக்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பை இதைக் கொண்டுதான் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் தாய் புகைப்பது இத்தகைய மரணத்தின் அபாயத்தை இரட்டிப்பாக்குவதாகவும், நாளொன்றுக்கு ஒரு சிகரெட் கூடினாலும் அபாயம் கூடுவதாகவும், அமெரிக்காவில் நேரும் இத்தகைய மரணங்களில் 22 விழுக்காட்டுக்குக் கர்ப்ப காலப் புகைப்பழக்கமே காரணம் எனவும் 2019இல் வெளிவந்த பேராய்வு கணக்கிட்டது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. பழக்கத்தை உடனே விட முடியாத தாயும் பாலூட்டுவதைத் தொடரலாம் என்றுதான் குழந்தை மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. தாய்ப்பாலின் நன்மை அவ்வளவு பெரியது. பாலூட்டும் முன் நிக்கோட்டினைத் தவிர்ப்பதும், அதற்கும் அடுத்த பாலூட்டலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட முடியுமோ அவ்வளவு விடுவதும் உதவும்.

மூச்சுக்காற்றில்

வேப் வெளிவிடுவது நீராவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றை மின்கம்பிச் சுருள் சூடாக்க, அதில் எழும் மிக நுண்ணிய துளிகளின் திரள் அது. சூட்டில் ஃபார்மால்டிஹைடு உண்டாகலாம். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கலக்கலாம். பிடிப்பவர் வெளிவிட்டதை அருகில் இருப்பவர் உள்ளிழுக்கிறார்.

எவ்வளவு உள்ளிழுக்கிறார் என்பதற்கு நல்ல அளவீடுகள் உள்ளன. பார்சிலோனா நகர வீடுகளில் 2014இல் அளந்தபோது, புகைப்பவர் வீட்டில் ஒரு கனமீட்டர் காற்றில் 0.74 மைக்ரோகிராம் நிக்கோட்டின் இருந்தது. வேப் பிடிப்பவர் வீட்டில் 0.13, இரண்டும் இல்லாத வீட்டில் 0.02. நிக்கோட்டின் உடலுக்குள் சென்றதும் கொட்டினினாக மாறும்; இரத்தத்தில் அதை அளந்தால் உடம்பு எவ்வளவு நிக்கோட்டினைப் பெற்றது என்று தெரியும். அமெரிக்காவில் 3 முதல் 11 வயது வரையுள்ள 1,777 குழந்தைகளின் அளவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். புகைக்கு ஆளான குழந்தைகளிடம் லிட்டருக்கு 0.494 மைக்ரோகிராம், வேப்புக்கு மட்டும் ஆளானவர்களிடம் 0.081, எதற்கும் ஆளாகாதவர்களிடம் 0.016.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். வேப், சிகரெட்டின் ஆறில் ஒரு பங்கு நிக்கோட்டினைத்தான் குழந்தைக்குத் தருகிறது என்பது உண்மை. ஒன்றுமே இல்லாத வீட்டுக் குழந்தையைவிட ஐந்து மடங்கு தருகிறது என்பதும் அதே அளவு உண்மை. விற்பவர் முதல் ஒப்பீட்டைச் சொல்வார். குழந்தையின் பக்கம் நிற்பவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், குழந்தைக்கு முன்னால் இருப்பது சிகரெட்டா வேப்பா என்ற தேர்வு அல்ல. அதற்குத் தேவையானது சுத்தமான காற்று மட்டுமே.

தரையிலும் துணியிலும்

காற்றில் மிதந்தது கலைந்துவிடுகிறது. ஆனால் நிக்கோட்டின் மறைந்துவிடுவதில்லை. சுவரிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் சட்டையிலும் படிகிறது. இதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். ஜார்ஜ் மாட் தலைமையில் சான் டியேகோவில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு பெற்றோர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்று. குழந்தைக்காக வீட்டுக்கு வெளியே போய்ப் புகைத்த பெற்றோரின் வீடுகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வீட்டுக்குள் புகைப்பவர்களின் வீடுகளைவிட அங்கே மாசு மிகக் குறைவு. ஆனாலும் புகைப்பவரே இல்லாத வீடுகளோடு ஒப்பிட்டால் 5 முதல் 7 மடங்கு அதிகம். வாசலுக்குப் போனவரின் கையிலும் சட்டையிலும் மூச்சிலும் ஒட்டிக்கொண்டு அது உள்ளே திரும்பி வந்திருந்தது.

படிந்த நிக்கோட்டின் சும்மா கிடப்பதுமில்லை. எரிவாயு அடுப்பு எரியும்போது வெளிவரும் நைட்ரஸ் அமிலத்தோடு அது வினைபுரிந்து, புற்றுநோயைத் தூண்டவல்ல நைட்ரோசமீன்களாக மாறுவதை கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010இல் காட்டியது. எரிவாயு அடுப்பு இல்லாத வீடு நம்மிடையே அரிது. தவழும் குழந்தைக்குத் தரைதான் உலகம் என்பதையும் சேர்த்து யோசித்தால், வீட்டில் வேப் பிடிப்பதன் பாதிப்பு பிடித்த நேரத்தோடு முடிவதில்லை என்பது விளங்கும்.

வாய்க்குள்

இதுவரை சொன்னவை மெல்ல வரும் கேடுகள். வேப் திரவத்தைக் குழந்தை விழுங்கினால் வரும் கேடு நிமிடங்களில் வந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் 20 மில்லிகிராம் நிக்கோட்டின் வரைதான் அனுமதிக்கிறது. அந்த வரம்பிலேயே ஒரு தேக்கரண்டித் திரவத்தில் 100 மில்லிகிராம் இருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உயிருக்கு அது ஆபத்தான அளவு. அமெரிக்கச் சந்தைக்கு வந்த சில பொருள்களில் மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம் வரை இருந்தது. மாம்பழ வாசனையும் பளிச்சென்ற நிறமும் கொண்ட சிறு குப்பி ஒரு வயதுக் குழந்தைக்குத் தின்பண்டமாகத்தான் தெரியும்.

அமெரிக்க நச்சு ஆலோசனை மையங்களுக்கு மின் சிகரெட் தொடர்பாக 2010 செப்டம்பரில் வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. 2014 பிப்ரவரியில் அது 215 ஆனது. அந்தக் காலகட்டத்து அழைப்புகளில் பாதிக்குமேல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பற்றியவை. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டின் திரவத்தை விழுங்கி இறந்தது. அதன் பின்னரே, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்ற சட்டம் 2016 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான ஓராண்டில் 7,043 நிகழ்வுகள் பதிவாயின, அவற்றில் 87.8 விழுக்காடு 5 வயதுக்குட்பட்டவர்களுடையவை. குப்பிக்கு மூடி போடச் சட்டம் வந்தது. ஆனால் குழந்தை வாயில் வைத்து உறிஞ்சக்கூடிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகள் அதற்குள் சந்தையை நிறைத்துவிட்டன.

அறிகுறிகள் பெரும்பாலும் வாந்தியில் தொடங்கும். எச்சில் வழிதல், வியர்வை, முகம் வெளிறுதல், நெஞ்சு படபடப்பு ஆகியவை சேரும். அளவு மிகுந்தால் வலிப்பு, உடல் தளர்ச்சி, மூச்சுத் திணறல் என முற்றும். நிக்கோட்டினுக்கென்று தனி மாற்றுமருந்து இல்லை. மூச்சையும் இதயத்தையும் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சைதான் உண்டு. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

நம் வீடுகளில்

தமிழ்நாட்டுக் குழந்தைக்கு வேப்பைவிடப் பழைய வழிகளில்தான் இன்றும் நிக்கோட்டின் அதிகம் வந்துசேர்கிறது. 2016–17இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெரியவர்களில் 38.7 விழுக்காட்டினர் வீட்டிலேயே பிறர் புகைக்கு ஆளாகிறார்கள். பெரியவர்களுக்கே இப்படியென்றால் அதே வீட்டில் தூளியில் கிடக்கும் குழந்தைக்கு வேறு காற்று ஏது? வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டி அதே விரலால் சேனை தொட்டுவைக்கிறார். பையிலிருந்து விழுந்த ஹான்ஸ் புகையிலைப் பொட்டலமும், கடைவாயில் அடக்கும் கூல் லிப்பும், துண்டு சிகரெட்டும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டுகின்றன.

தென்காசி, திருநெல்வேலி, வேலூர் மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். மடியில் பீடித் தட்டும் பக்கத்தில் குழந்தையுமாக, இலையும் தூளும் பரப்பிய திண்ணையிலோ கூடத்திலோதான் அவர்களுடைய வேலை. நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பச்சைப் புகையிலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் வாந்தியும் தலைசுற்றலும் அதனால்தான். புகைக்காத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரிலும் கொட்டினின் இருப்பதை இந்திய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இந்தத் தாய்மாருக்கு "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை போதாது. வீட்டுக்கு வெளியே காற்றோட்டமுள்ள பொது வேலைக்கூடம், கையுறை, பிள்ளைக் காப்பகம், கர்ப்ப காலத்தில் கூலியோடு ஓய்வு ஆகியவை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு அரசுக்கும் பீடி முதலாளிகளுக்கும் உரியது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு அனைத்தையும் தடை செய்கிறது. உற்பத்தி, விற்பனை போன்றவற்றில் முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். மலேசியாவில் 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. வயது வரம்பு விதிக்கும் புதிய சட்டம் 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் குழந்தை இருக்கும் காரில் புகைக்க 2015 முதல் தடை உண்டு. அந்தச் சட்டம் வந்தபோது மின் சிகரெட்டை அதில் சேர்க்கவில்லை.

இந்தச் சட்டங்கள் கடையையும் சாலையையும் பொது இடத்தையும் காவல் காக்கின்றன. குழந்தை நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டுக்குள் சட்டத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. அங்கே காவல் நாம்தான்.

மறுதரப்பு

புகைப்பழக்கத்தைக் கைவிட வேப் உதவும் என்போரின் வாதத்தையும் கேட்க வேண்டும். பிரிட்டனில் புகைக்கும் கர்ப்பிணிகள் 1,140 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட சோதனையில், நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை தரப்பட்டவர்களின் குழந்தைகளில் 14.8 விழுக்காடு எடை குறைந்து பிறந்தன. மின் சிகரெட் தரப்பட்டவர்களிடம் அது 9.6 விழுக்காடு. புகைத்துக்கொண்டே இருப்பதைவிட வேப்புக்கு மாறுவது தீங்கைக் குறைக்கும் என்று பிரிட்டன் மருத்துவர்கள் சொல்வதில் பொருளுண்டு.

அந்த வாதம் புகையை விட முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, மருத்துவ மேற்பார்வையோடு சொல்லப்படுவது. புகைக்காத இளைஞர் வேப் பிடிப்பதற்கோ, பிடித்துக்கொண்டே குழந்தையைத் தூக்குவதற்கோ அதில் ஆதரவு எதுவும் இல்லை. பழக்கத்தை விட உதவ ஆலோசனை இருக்கிறது. மருத்துவர் அறிவுரையோடு பயன்படுத்தும் நிக்கோட்டின் சூயிங்கமும் இருக்கிறது. அந்தச் சூயிங்கத்தையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியவை

குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த நாளே விடுவதற்கு ஏற்ற நாள். தாய் மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோரும் விட வேண்டும். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை. விடும்வரை வீட்டுக்குள்ளும் காரிலும் புகையும் வேண்டாம், வேப்பும் வேண்டாம். வெளியே போய்விட்டு வந்தவர் கையும் முகமும் கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். நிக்கோட்டின் பழக்கம் உள்ளவர் கைக்குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. குப்பி, கருவி, பொட்டலம், துண்டு சிகரெட் எதுவும் பூட்டாத இடத்தில் இருக்கக் கூடாது.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, தோலில் பட்ட இடத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, 108ஐ அழையுங்கள். குப்பியையோ பொட்டலத்தையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

குழந்தைக்குப் பாதுகாப்பான நிக்கோட்டின் அளவு என்று ஒன்று கிடையாது. அது புகையாக வந்தாலும், ஆவியாக வந்தாலும், பாட்டியின் விரலில் வந்தாலும், தாயின் பீடித் தட்டிலிருந்து வந்தாலும் உடலுக்குள் போனபின் ஒரே நஞ்சுதான். "சிகரெட்டைவிடப் பரவாயில்லை" என்ற ஒப்பீடு பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் நாம் வைக்க வேண்டிய அளவு சுழியம் மட்டுமே. அந்த முடிவை இன்றே எடுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.